அறிந்தபின் அருளா?

நவபதார்த்தங்களை எண்ணத் தொடங்கும் சிறுவனும் முதலில் சொல்வது உயிர் என்பதையே. அடுத்துச் சொல்வது உயிரல்லது. ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு ஆகியவை எல்லாம் அவ்விரண்டையும் பிரித்தறிந்த பின்னரே பொருள்படுகின்றன. மும்மணிகளின் வரிசையும் இவ்வாறே அமைந்தது. நற்காட்சியும் நல்ஞானமும் முன் நிற்க, நல்லொழுக்கம் மூன்றாவதாக வருகிறது. எது உயிர் என்றே அறியாதவன் எதைக் காப்பான் என்பது நம் முன்னோர் வாதம். தத்துவ நூலோர் 'உள்ளது எது' என்ற ஆராய்ச்சியை உள்பொருளியல் என்றும், 'செய்யத்தக்கது எது' என்ற ஆராய்ச்சியை அறவியல் என்றும் வழங்குவர். அவ்வழக்கில் சொன்னால், நம் சமயத்தில் உள்பொருளியல் தாய்; அறவியல் சேய்.

இந்த வரிசை சரிதானா என்ற வினா, கடந்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோற்றப்பாட்டியல் என்னும் தத்துவப் பள்ளியில் கடுமையாக எழுந்தது. நூலறைக்குள் எழுந்த வினாவாயினும் அது நமக்கு அயலானதன்று. நொய்யலாற்றின் கரையில் நின்று பார்ப்பவர்க்கு அது அன்றாட வினாவே.

அப்பள்ளியின் முதல்வர் எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் (1859–1938). பொருள்களுக்குப் பின்னே என்ன இருக்கிறது என்று ஊகிப்பதை நிறுத்தி வைத்துவிட்டு, அவை நம் உணர்வில் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை உள்ளவாறே விவரிப்பது அவர் முறை. உணர்வு என்பது எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றிய உணர்வே என்பது அவர் அடிப்படை. உயிரின் இலக்கணம் உபயோகம், அதாவது ஒன்றை நோக்கி அறிவு செல்லுதல், என்று படித்த நமக்கு இது பழகிய செய்தி போலத் தோன்றும். ஆயினும் ஒப்புமை ஓரளவே. ஹுஸ்ஸெர்லைச் சமணராக்கிப் பார்க்கும் ஆசை நம் கட்டுரையாளர் சிலர்க்கு உண்டு. அதனால் அவர்க்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை.

ஹுஸ்ஸெர்லின் மாணவர் மார்ட்டின் ஹைடெக்கர். 1927இல் வெளிவந்த 'இருத்தலும் காலமும்' என்ற நூலில், இருத்தல் என்றால் என்ன என்ற வினாவே எல்லா வினாக்களுக்கும் மூலம் என்று அவர் நிறுவ முயன்றார். பிற்காலத்தில், 1953இல் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில், ரைன் நதியின் குறுக்கே எழுந்த மின்நிலையத்தை எடுத்துக்காட்டாக வைத்தார். நதியின்மேல் மின்நிலையம் கட்டப்பட்டது என்று கூறுவதைவிட, மின்நிலையத்தின் உறுப்பாக நதி மாறிவிட்டது என்று கூறுவதே பொருந்தும். இக்காலத்தில் எல்லாம் எடுத்துப் பயன்படுத்தக் காத்திருக்கும் கையிருப்பாகவே நமக்குத் தோன்றுகின்றன என்பது அவர் கருத்து. திருப்பூரில் நொய்யலுக்கு நேர்ந்ததை இதைவிடத் துல்லியமாக ஒருவர் கூறிவிட முடியாது.

ஆனால் இவ்வளவு கூர்ந்து கண்டவர் 1933இல் பிரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். போருக்குப் பின், 1949இல் பிரெமன் நகரில் பேசியபோது, இயந்திர வேளாண்மையும் நச்சுவாயுக் கூடங்களில் பிணங்களை உற்பத்தி செய்ததும் சாரத்தில் ஒன்றே என்றார். சாரத்தைத் தேடிய கண்ணுக்கு மாண்டவர் தெரியவில்லை. தனியே நின்ற உள்பொருளியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இம்மானுவேல் லெவினாஸ் லித்துவேனியாவில் 1906இல் பிறந்த யூதர். 1928இல் பிரைபர்க் சென்று ஹுஸ்ஸெர்லிடமும் ஹைடெக்கரிடமும் பயின்றவர். பிரெஞ்சுப் படைவீரராக 1940இல் சிறைப்பட்டு, ஐந்தாண்டுகள் ஜெர்மானியரின் போர்க்கைதிகள் முகாமில் கழித்தார். லித்துவேனியாவிலிருந்த அவருடைய தந்தையும் உடன்பிறந்தாரும் கொல்லப்பட்டனர். 1961இல் வெளிவந்த 'முழுமையும் முடிவிலியும்' என்ற நூலில், ஆசிரியரின் வரிசையை அவர் தலைகீழாக்கினார். உள்பொருளியல் முதன்மையானதன்று; அறவியலே முதல் தத்துவம். ஏனெனில் 'இது இன்னது' என்று அறிவதே ஒருவகையில் அதனை நம் வகைப்பாட்டுக்குள் அடக்கிக்கொள்வதாகும். என் எதிரே நிற்கும் மற்றொருவன் அவ்வாறு அடங்குவதில்லை. அவன் யார், எந்த இனம், எவ்வகை என்று நான் அறியுமுன்னரே அவன் முகம் என்னிடம் ஒன்றை வேண்டுகிறது: கொல்லாதே என்பது அது. அந்த வேண்டுகோளுக்கு நான் கடன்பட்டவன் என்பதை எந்த ஆராய்ச்சியும் எனக்கு நிரூபித்துத் தர வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் நம்மவர்க்கு நீலகேசி நினைவுக்கு வருதல் இயல்பு. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த அக்காப்பியம் பத்துச் சருக்கங்கள் கொண்டது. பெளத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோருடன் ஆன்மா உண்டா, பொருளின் இயல்பு யாது என்று நீலகேசி நிகழ்த்தும் வாதங்களே அதன் பெரும்பகுதி. ஆயினும் அவள் வாதியாகத் தொடங்கவில்லை. பலி வேண்டிய பேயாகத் தொடங்கினாள். பலியைத் தடுத்த முனிவரை அச்சுறுத்த வந்து, அவருடைய அசையாமையைக் கண்டு, கொலையைக் கைவிட்டாள். தருமவுரைச் சருக்கம் முதலில் வருகிறது. வாதச் சருக்கங்கள் பின்னரே வருகின்றன. கத்தியைக் கீழே வைத்த பிறகே அவள் தருக்கத்தைக் கையில் எடுத்தாள். நூல் செய்தவர் இவ்வரிசையை ஏன் கொண்டார் என்பது நம் அறிஞர் விரிவாக ஆராயவேண்டிய செய்தி. மும்மணிகளை எண்ணும் வரிசையும், மனிதர் திருந்தும் வரிசையும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை என அவர் உணர்ந்திருக்கலாம்.

இனித் திருப்பூருக்கு வருவோம்.

ஒரு பனியன் உருவாவதை அறியாதவர் அங்கே ஒரே ஆலை இருப்பதாக எண்ணுவர். நூல் ஓரிடத்திலிருந்து வரும். நிட்டிங் ஓரிடம், பிளீச்சிங்கும் சாயமும் மற்றோரிடம், காம்பாக்டிங் வேறிடம். பின்னர்த்தான் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இடையில் பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் துணி வெளியே போய்வரும். இவற்றிற் பெரும்பகுதி ஜாப் ஒர்க். ஆர்டர் எடுத்தவர் சாயப்பட்டறைக்குக் கிலோக் கணக்கில் கூலி கொடுப்பார். ஷேடு சரியாக வந்ததா என்று மட்டும் பார்ப்பார். பட்டறைக்காரர்க்குத் துணி யாருக்குப் போகிறது என்பது பற்றிக் கவலையில்லை. அயல்நாட்டில் அதனை அணிபவருக்கோ இவ்வூரின் பெயரே தெரியாது. ஒருவர் தொழிலை மற்றவர் பார்க்கவேண்டிய தேவை இல்லாதவாறு பிரிக்கப்பட்டிருப்பதுதான் இத்தொழிலின் திறமை. இரவோடிரவாக ஆர்டரை முடித்தனுப்பும் ஆற்றலும் இதனால் வந்ததே.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். சாதாரண உப்போ கிளாபர் உப்போ குளியலில் இடப்பட்டால்தான் சாயம் நூலிழையை நாடும். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு துணியோடு போகாது, முழுவதும் நீரிலேயே நிற்கும். 1990களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் இட்டுக் கழிவுநீரைத் தெளிய வைத்தன. நிறம் பெரிதும் போயிற்று, உப்பு போகவில்லை. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்ற விதி ஏட்டில் இருந்தது. தோற்றத்தை உள்ளவாறே விவரிக்கச் சொன்ன ஹுஸ்ஸெர்ல் இந்நீரைக் கண்டிருந்தால் என்ன கூறியிருப்பாரோ! கண்ணுக்குத் தெளிந்த நீர், கிணற்றையும் வயலையும் கெடுக்கும் நீராக இருந்தது.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யலின் குறுக்கே, திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென ஓர் அணை 1992இல் முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணைக்குக் கீழுள்ள ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் சென்றனர். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீர் வெளியேற்றம் அறவே கூடாது என்ற நிலையை நோக்கிக் காலக்கெடு விதித்து, அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டர்க் கணக்கில் அபராதமும் விதித்தது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சாயப்பட்டறையாளரின் முறையீட்டில், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சாய, பிளீச்சிங் பட்டறைகள் யாவற்றையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. அவற்றை நம்பியிருந்த பல்லாயிரம் தொழிலாளர் வேலை இழந்தனர்; வெளியூரிலிருந்து வந்தவர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர்.

இவ்விடத்தில் நம் குடும்பங்களில் வழங்கும் ஒரு வாதத்தைக் கருதவேண்டும். இல்லறத்தார்க்குத் தவிர்க்கவேண்டிய ஹிம்சையை நான்காக வகுத்தனர்: எண்ணிச் செய்வது, இல்லறக் காரியங்களில் நேர்வது, தொழிலில் நேர்வது, எதிர்ப்பில் நேர்வது. இவற்றுள் எண்ணிச் செய்வதை அறவே விடவேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்கவேண்டும். சாயத்தொழிலைப் பற்றிப் பேச்சு வரும்போது, 'அது உத்தியோகி ஹிம்சைதானே' என்று முடித்துவிடுவார் உண்டு. 'நீருடல் உயிர் ஓரறிவுடையதுதானே' என்பாரும் உண்டு. இரண்டும் நூல்வழக்கிலிருந்து எடுத்த சொற்களே. அவற்றின் வேலைதான் மாறிவிட்டது. பார்வையை அகலச் செய்வதற்கு ஏற்பட்ட வகைப்பாடு, பார்க்காமல் இருப்பதற்கு உரிமச்சீட்டாகிவிட்டது. லெவினாஸ் உள்பொருளியலின்மேல் சாட்டிய குற்றம் இதுவே. ஐரோப்பியத் தத்துவத்தை நோக்கி அவர் சொன்னது நம்மையும் சுடுகிறது என்று ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை.

எனினும் லெவினாஸிடம் முழுவதும் சரணடைய இயலாது. சாயப்பட்டறை உரிமையாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் இரக்கமற்றவரல்லர். தம்மிடம் வேலை செய்வோரின் முகம் அவருக்குத் தெரியும், பெயர் தெரியும், அவர்கள் வீட்டுத் திருமணத்துக்கு மொய் வைத்திருப்பார். பட்டறை நின்றால் அவர்கள் நிலை என்னாகும் என்று உள்ளம் நொந்தே அவர் ஆற்றில் நீரை விட்டிருக்கக்கூடும். அணைக்கு அப்பாலுள்ள விவசாயியின் முகம் அவர் எதிரே வந்ததில்லை. முகத்தையே அறத்தின் ஊற்றாகக் கொண்டால், வராத முகத்துக்கு யார் பொறுப்பு? லெவினாஸ் இவ்விடரை அறியாதவரல்லர். மூன்றாமவன் என்று அவர் அவனைக் குறிப்பிடுகிறார். மூன்றாமவன் வந்ததுமே ஒப்பிடுதலும் அளத்தலும் சட்டமும் நீதிமன்றமும் தேவையாகின்றன. அறிவு மீண்டும் உள்ளே வருகிறது. ஆனால் அந்த மூன்றாமவன் எவ்வளவு தொலைவுவரை இருக்கிறான்?

மனிதர்வரை மட்டுமே என்றுதான் லெவினாஸ் பெரும்பாலும் எண்ணினார். முகாமில் கைதிகளை ஊரார் மனிதராகவே கருதாத நாட்களில், பாபி என்று அவர்கள் பெயரிட்ட தெருநாய் ஒன்று அவர்களை நாள்தோறும் வாலாட்டி வரவேற்றதை 1975இல் ஒரு சிறு கட்டுரையாக உருக்கமாக எழுதியவர் அவர். அவரிடமே 1986இல் விலங்குக்கு முகம் உண்டா என்று கேட்டபோது தயங்கினார். பாம்புக்கு முகம் உண்டா என்பது தமக்குத் தெரியாது என்றார். நேர்மையான விடைதான். ஆனால் பெரிய தத்துவத்தின் எல்லை அங்கே தெரிந்துவிடுகிறது.

நம் இலக்கணமே இதில் துணிவாக நிற்கிறது. தொல்காப்பியம் உயிர்களை ஆறறிவு வரை வகுத்து மனிதரை ஆறாம் அறிவில் வைத்தது. சமணரான பவணந்தி முனிவர் நன்னூலின் உரியியலில் ஐயறிவோடு நிறுத்திவிட்டார். வானவரும் மக்களும் நரகரும் விலங்கும் பறவையும் அங்கே ஒரே வகுப்பு. பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அவர் ஊர் என்று கொங்குநாட்டார் பெருமையோடு கூறுவர். சந்திரப்பிரபர் கோயில் கொண்டுள்ள விசயமங்கலமும் அப்பகுதியிலேயே உள்ளது. இன்று கண்டெய்னர் லாரிகள் ஓடும் அதே நிலப்பரப்பில், மனிதனைத் தனி வகுப்பில் வைக்க மறுத்த ஒரு வகைப்பாடு போற்றப்பட்டு வந்திருக்கிறது. முகம் காட்டாத உயிரையும் கணக்கில் கொள்ள உள்பொருளியல் தேவை என்பதற்கு இது சான்று.

ஐரோப்பாவிலும் ஒருவர் இத்திசையில் வந்தார். ஹைடெக்கரிடம் பயின்ற மற்றொரு யூத மாணவர் ஹான்ஸ் யோனாஸ், 1903இல் மன்ஷன்கிளாட்பாக் என்னும் ஜெர்மன் ஊரில் பிறந்தார். அது பருத்தியும் நெசவும் நிறைந்த ஊர். அவர் தந்தை துணி ஆலை முதலாளி. திருப்பூர்க் குடும்பங்கள் அவரை எளிதில் தம்மவராகக் கருதலாம். 1933இல் நாடு நீங்கியவர் 1945இல் பிரிட்டிஷ் படையின் வீரராகத் திரும்பி வந்தபோது, தாய் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டதை அறிந்தார். லெவினாஸைப் போன்றே இழந்தவர். முடிவு மட்டும் வேறு. அறத்துக்கு இருத்தலிலேயே வேர் உண்டு என்றார். உயிர் உள்ள ஒவ்வொன்றும், அது ஒரு செல்லேயாயினும், உணவை ஏற்றும் கழிவை நீக்கியும் தன்னைத் தொடர்ந்து காத்துக்கொள்கிறது. அந்த முயற்சியே 'நான் இருக்க வேண்டும்' என்று கூறுவதாகும். பிறந்த குழந்தையின் மூச்சே உலகத்தின்மேல் ஒரு கடமையைச் சுமத்துகிறது என்று 1979இல் வெளியிட்ட 'பொறுப்பின் நெறி' என்ற நூலில் எழுதினார். இன்னும் பிறவாத தலைமுறைக்கும் நாம் பொறுப்பு என்று வாதிட்ட நூல் அது. எல்லா உயிரும் வாழவே விரும்புகின்றன என்ற ஆகமக் கருத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது தொலைவிலிருந்து வந்த உறவினர் குரல் போலக் கேட்கும்.

அப்படியானால் எது முதல்? உள்ளதை அறிதலா, கடனை உணர்தலா? தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்குக் கூறும் இலக்கணத்தில் விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே ஹிம்சை என்பது வெறுமனே உயிர் பிரிதலன்று. பிரமாதத்தால், அதாவது அசட்டையால், உயிர்ப்பொறிகளைப் பிரித்தல். கொல்லப்பட்டது எத்தனை அறிவுடைய உயிர் என்று கேட்பதற்கு முன், செய்தவன் விழித்திருந்தானா என்று அந்த இலக்கணம் கேட்கிறது. நடக்கும்போது நிலத்தைப் பார்த்து நடக்கும் முனிவரின் ஈரியா சமிதியும் இதுவே. பார்ப்பதற்குப் பின் வரும் கடமை என்று ஒன்று தனியே இல்லை, பார்ப்பதுதான் முதற்கடமை. நற்காட்சி என்ற சொல்லிலேயே காட்சி இருக்கிறது. உள்பொருளியலும் அறவியலும் தாயும் சேயுமாக அல்லாமல், ஒரே விழிப்பின் இரு செயல்களாக அங்கே நிற்கின்றன.

இவ்வாறு கொண்டால், ஜாப் ஒர்க் முறையின் இடர் எங்கே இருக்கிறதென்று தெளிவாகும். அங்கே தனியொருவரின் அசட்டை இல்லை. அசட்டையே தொழிலின் அமைப்பாகிவிட்டது. ஒவ்வொருவரும் தம் பங்கில் விழிப்பாயிருக்க, மொத்தத்தை எவரும் பாராதிருக்க முடிகிறது. புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திரர், ஒருவர் செய்த ஹிம்சையின் பயனைப் பலர் அடைவதும் பலர் செய்ததன் பயனை ஒருவர் அடைவதும் உண்டு என்று விளக்கியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகட்கு முந்திய அந்நூலை ஏற்றுமதி அலுவலகத்தில் வைத்துப் படித்தால் புதிதாக இருக்கும். ஆர்டர் கொடுப்பவர் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துக் கேட்கும்போது, அக்குறைப்பு எந்தப் பைப்பின் வழியாக வெளியேறுகிறது என்று கேட்பது தத்துவக் கேள்விதான்.

நம் இல்லங்களில் நீரைத் துணியால் வடிகட்டும் வழக்கம் உண்டு. அதன் இரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிட்டனர். வடிகட்டிய துணியில் தங்கியதைக் கண்ட இடத்தில் உதறலாகாது; எந்தக் கிணற்றில் நீர் எடுக்கப்பட்டதோ அந்தக் கிணற்றிலேயே, துணியை நீரால் அலசி, மெதுவாக விடவேண்டும். ஜீவாணி என்று வடநாட்டார் அதனைக் கூறுவர். ஒரு குடம் நீர் எடுத்தவன் மிச்சத்துக்கும் பொறுப்பு என்பது அதன் கருத்து.

2011க்குப் பின் திருப்பூரில் மீண்டும் இயங்கத் தொடங்கிய பட்டறைகள் ஏறத்தாழ இதே கணக்கைப் பெரிய அளவில் செய்ய வேண்டியதாயிற்று. அரசின் வட்டியில்லாக் கடனுதவியும் பெற்றுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மாற்றி அமைக்கப்பட்டன. கழிவுநீர் சவ்வூடு வடிகட்டப்பட்டு நன்னீர் சாயத்தொட்டிக்கே திரும்புகிறது. எஞ்சிய செறிந்த உப்புநீரை ஆவியாக்கி உப்பும் மீட்கப்பட்டுக் குளியலுக்குத் திரும்புகிறது. ஆற்றுக்கு ஒன்றும் போகலாகாது என்பது விதி. செலவு மிகுதி, மின்சாரமும் விறகும் எரிகின்றன. தீயுடல், காற்றுடல் உயிர்களின் கணக்கு அங்கே தனியாக ஏறுகிறது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. விதிக்கு அஞ்சி இரவில் நீர் திறந்துவிடுவார் இன்னும் உளர் என்று செய்தித்தாள்கள் அவ்வப்போது எழுதுகின்றன.

எல்லாவற்றுக்கும் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பிரித்து எடுக்க இயலாத கலப்பு உப்பு, சாயக்கசடு ஆகியவை மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றைத் திருப்பிவிடுவதற்குரிய கிணறு எதுவும் இல்லை. நம் பிள்ளைகளுள் வேதியியல் படித்தோரும் தொழில் நடத்துவோரும் இருக்கின்றனர். அம்மூட்டைகளை ஒருமுறை நேரில் சென்று பார்த்து வருதல் நன்று.